சுவரைப் பார்த்த பாட்டில்

அத்தியாயம் ஏழு

அன்று காலை பூந்தமல்லி டிரங்க் ரோடு ‘இருதயராஜ் அண்ட் சன்’ மொத்த மளிகைக் கடையில் இருந்தவர்கள் இவர்கள்: உரிமையாளர் இருதயராஜ். அவருடைய ஒரே மகன் ஜெர்வின். விற்பனையைக் கவனிக்கும் ஜெகதீஷ். தன் பெயரை எவனோ களவாடிவிட்டான் என்ற ஆத்திரத்தில் ஆவடியிலிருந்து வந்திருந்த கேட்டரிங் பக்தவத்சலம். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய துப்பறிவாளர் ஞானசௌந்தரி. அவருடைய உதவியாளனும் ஆட்டோ ஓட்டுபவனுமான வேம்புலி. கல்லாவுக்குப் பின்னால், வாசலுக்கு நேர் எதிரே, இயேசுவின் திருஇருதயப் படம். அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பார் இருதயராஜ்.

இருதயராஜுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை. நாற்காலியின் சாய்மானம் அவர் முதுகைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, துப்பறிய வந்த பெண்மணியை அவர் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, வரவேற்பு இல்லை. வீட்டு விஷயத்தை வெளியாள் வந்து கிளறுவது அவருக்குப் பிடிக்காது. ஆனால் வேறு வழியும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் கடையிலிருந்து போன சரக்கு அத்தனையும் காற்றில் கரைந்திருந்தது. பண்ருட்டி முந்திரிக்காரர்கள் அவர் வாய்ச்சொல்லை நம்பிக் கடனாக அனுப்பிய முந்திரி, கிஸ்மிஸ், பேரீச்சை, டின் டின்னாக நெய், கல்யாண வரவேற்பில் கேக் வெட்டியதும் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கும் போதையில்லாத திராட்சை ஒயின். இன்சூரன்ஸ் பணம் வந்தால் கடன்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தலை நிமிரலாம். வராவிட்டால் கடையை விற்க வேண்டும். கடையோடு அந்தப் பெயர்ப்பலகையும் இறங்கும்.

“முதல்லேர்ந்து சொல்லுங்க ஜெகதீஷ்” என்றார் ஞானசௌந்தரி.

ஜெகதீஷ் ஆர்டர் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தான். “போன் வந்துச்சு மேடம். பக்தவத்சலம் சார் கம்பெனியில புதுசா சேர்ந்த பர்ச்சேஸ் மேனேஜர், பேரு அபிஷேக்னு சொன்னாரு. கம்பெனி லெட்டர்ஹெட்ல ஆர்டரும் அனுப்பினாரு. சென்னீர்குப்பத்துல புது கோடவுன் எடுத்திருக்கோம், அங்க இறக்கிடுங்கன்னாரு. வழக்கம்போல ஒரு மாசக் கடன். சார் நம்ம பழைய பார்ட்டிதானேன்னு...”

“எனக்கு அபிஷேக்கும் கிடையாது, கோடவுனும் கிடையாது!” என்று மேஜையைத் தட்டினார் பக்தவத்சலம். “என் பேரைச் சொல்லி எவனோ ஏப்பம் விட்டுட்டான். இப்ப ஊர் முழுக்க என்னைத்தான் கேக்குது.”

“கோச்சிக்காத அண்ணாத்தே” என்றான் வேம்புலி. “உன் பேருக்கு மார்க்கெட்டுல இம்மாம் மதிப்புகீதுன்னு இப்பதான் உனக்கே தெரியுது. என் பேரைச் சொன்னா டீ கூட கடன் தரமாட்டான்.”

ஞானசௌந்தரி சிரிக்கவில்லை. “ஜெகதீஷ், அந்த அபிஷேக் பேரம் பேசினாரா?”

“விலை லிஸ்ட் அனுப்பினேன். ஓகேன்னுட்டாரு.”

“சார், நீங்க இவங்ககிட்ட வாங்கறப்போ ஓகேன்னு சொல்லியிருக்கீங்களா?” என்று பக்தவத்சலத்தைப் பார்த்தார்.

“நானா?” பக்தவத்சலத்துக்கு அது அவமானமாகவே பட்டது. “முந்திரியில கிலோவுக்கு ரெண்டு ரூபாயாவது குறைக்காம போனை வெச்சா எனக்கு அன்னிக்குச் சோறு இறங்காதும்மா. பெரியவரைக் கேளுங்க.”

இருதயராஜ் தலையசைத்தார். பக்தவத்சலத்தின் பேரத்துக்குப் பயந்து போனை எடுக்காமல் இருந்த நாட்கள் அவருக்கு உண்டு.

“பணம் கொடுக்கப் போறவன்தான் பேரம் பேசுவான். கொடுக்காதவனுக்கு எந்த விலையா இருந்தா என்ன?” என்றார் ஞானசௌந்தரி. “இது ஒண்ணு. இன்னொண்ணு, ஒவ்வொரு பார்ட்டிக்கும் இவ்வளவு வரைக்கும்தான் கடன் கொடுக்கலாம்னு எங்க கம்பெனி ஒரு கோடு போட்டிருக்கு. அதைத் தாண்டினா நாங்க ஆள் அனுப்பி விசாரிப்போம். இந்த ஆர்டர் அந்தக் கோட்டை மிதிக்காம, அதோட ஓரத்துல வந்து நிக்குது. அந்தக் கோடு பக்தவத்சலம் சாருக்கே தெரியாது. இந்தக் கடையில யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றார் இருதயராஜ். “என் மகனுக்குத் தெரியும். ஜெகதீஷுக்குத் தெரியும்.”

எல்லாருடைய பார்வையும் ஜெகதீஷ் மேல் போனது. ஜெர்வினை யாரும் பார்க்கவில்லை. கடைக்காரன் மகன் தன் கடையிலேயே திருடுவானா?

“நான் அப்பவே சொன்னேன் அப்பா” என்றான் ஜெர்வின் மெல்லிய குரலில். “இவனைக் கூப்பிட்டு ஸ்டேஷன்ல விசாரிச்சா எல்லாம் வெளிய வந்துடும்.”

“அண்ணே!” ஜெகதீஷின் குரல் உடைந்தது. “என் கல்யாணத்துக்குத் தாலி வாங்கக் கூட வந்தவங்கண்ணே நீங்க. நானா அண்ணே?”

ஜெர்வின் அரிசி மூட்டைகளின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேம்புலிக்கு அழுகையைப் பார்த்துப் பழக்கமில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே பார்த்தான். திருஇருதயப் படத்தின் கீழே ஒரு சிறு பலகை. அதன்மேல் திராட்சை ஒயின் பாட்டில் ஒன்று, லேபிளைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, தனியாக நின்றது.

“இது இன்னா நைனா, மூஞ்சியத் திருப்பிகினு நிக்குது? மாமியாரோட சண்டையா?” என்று கையை நீட்டினான்.

“தொடாதே!”

கடையே அதிர்ந்தது. இருதயராஜ் எழுந்தே விட்டார். பிறகு, குரல் உயர்ந்துவிட்டதே என்ற வெட்கத்தோடு உட்கார்ந்தார்.

“அது விக்கறதுக்கு இல்ல. ஒவ்வொரு லோடுலயும் முதல் பாட்டில் ஆண்டவருக்கு. ஞாயித்துக்கிழமை பூசையில காணிக்கையா வைப்போம். ஃபாதர் அதை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துடுவார். எங்க அப்பா காலத்துப் பழக்கம். வர்றவங்க விலை கேக்கக் கூடாதுன்னுதான் லேபிளைத் திருப்பி வைக்கிறது.”

ஞானசௌந்தரி அந்தப் பாட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்தார்.

“ஐயா, சென்னீர்குப்பம் கோடவுன் வரைக்கும் நீங்க வரணும். உங்க சரக்கோட அடையாளம் ஏதாவது கிடந்தா நீங்கதான் சொல்லணும்.”

“அப்பாவுக்கு எதுக்கு மேடம் அலைச்சல்?” என்று ஜெர்வின் அவசரமாகச் சாவியை எடுத்தான். “நான் வரேன்.”

“வேணாம் தம்பி. பெரியவர் வரட்டும்.”

பக்தவத்சலம் நகரவில்லை. தன் பெயர் சுத்தமாகிறவரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று சொல்லி ஒரு டீ கேட்டார்.

ஆட்டோ கரையான்சாவடி நெரிசலில் ஊர்ந்தது. மெட்ரோ தூண்களுக்குக் கீழே வாகனங்கள் முட்டி நின்றன. இருதயராஜ் கம்பியைப் பிடிக்காமல், கைகளை மடியில் வைத்து, தேவாலயத்தில் உட்காருவதுபோல நேராக உட்கார்ந்திருந்தார்.

“ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன் ஐயா” என்றார் ஞானசௌந்தரி. “வெளியாள் ஏமாத்தியிருந்தா கம்பெனி பணம் கொடுக்கும். உங்ககிட்ட வேலை செய்யறவங்க ஏமாத்தியிருந்தாலும் கொடுக்கும். ஆனா உங்க குடும்பத்துல ஒருத்தர் இதுல இருந்தா ஒரு ரூபாய் கூட வராது. பாலிசி அப்படி.”

“அந்தப் பக்கத்தை நீங்க படிக்கவே வேணாம்மா.” இருதயராஜ் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். “எங்க குடும்பத்துல அப்படி ஒருத்தன் பொறக்கல. எங்க அப்பா வெறும் கையோட இந்த ஊருக்கு வந்தவர். எடையில ஒரு கிராம் குறைஞ்சா ராத்திரியே அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துட்டு வருவார். அவர் ரத்தம்.”

“பெர்சே, எங்க நைனா கூட அப்டித்தான்” என்றான் வேம்புலி முன்னாலிருந்து. “ராத்திரியில ஊடு ஊடா கதவத் தட்டுவாரு. இன்னா, அவரு எதையும் குட்க்க போவ மாட்டாரு.”

ஞானசௌந்தரி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். இருதயராஜின் உதடு அசைந்ததா இல்லையா என்று சொல்வது கடினம்.

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் வரிசையாகத் தகரக் கூரை போட்ட கோடவுன்கள். கடைசியில் இருந்ததன் ஷட்டர் மூடியிருந்தது. எதிரே ஒரு வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு நாஸ்டா கடை. கடைக்காரம்மாள் குப்பம்மா, வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

“யக்கா, இந்த கோடவுனை வாடகைக்கு எட்த்தானே ஒரு ஆளு, எப்டி இருந்தான்?” என்று ஆரம்பித்தான் வேம்புலி.

“நீ யாரு, போலீசா?”

“என்னைப் பாத்தா போலீசு மாதிரியா கீது?”

“இல்ல. அவங்க தேட்ற ஆளு மாதிரி கீது.”

வேம்புலி வாழ்நாளில் முதல்முறையாகப் பதிலில்லாமல் நின்றான். இரண்டு இட்லியும் வடகறியும் வாங்கிக்கொண்டு சமாதானத்துக்கு வந்தான். குப்பம்மாவும் இறங்கி வந்தாள்.

“எட்த்தவன் ஒரு பையன். குள்ளமா, காதுல கடுக்கன். அவன்தான் லாரியில வந்த சரக்கை இறக்குனான். கூலிக்கு மாரடிக்கிறவன்னு பாத்தாலே தெர்ஞ்சிது. மறுநாள் ரெண்டு வண்டி வந்து அல்லாத்தையும் அள்ளிகினு போச்சு. ஆனா நடுவுல ஒருத்தர் வந்தாரு. சாயங்காலம். லாரி போனப்புறம்.”

“யாரு?”

“மூஞ்சியப் பாக்கல. ஹெல்மெட்டைக் கயட்டவே இல்ல. தனியா உள்ள போனாரு, கொஞ்ச நேரத்துல வந்துட்டாரு. ஆனா ஒண்ணு.” குப்பம்மா சட்டுவத்தை நீட்டிச் சிரித்தாள். “ஹெல்மெட்டைக் கயட்டாத மன்சன் செருப்பைக் கயட்டுறாரு! ஷட்டருக்கு வெளிய ஓரமா, ஜோடியா வச்சுட்டு, வெறுங்காலோட உள்ள போறாரு. அது இன்னா கோயிலா? கலீஜு புடிச்ச கோடவுன். நான் சிரிச்ச சிரிப்புல சட்னி கொட்டிடுச்சி.”

 ஞானசௌந்தரி தன் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து ஷட்டரைத் திறந்தார். அந்தச் சாவி அவரிடம் எப்படி வந்தது என்று இருதயராஜ் அப்போது யோசிக்கவில்லை. அவர் வேறு யோசனையில் இருந்தார். யோசனையோடே ஷட்டர் வரை நடந்தார், நின்றார், இடது காலை உதறினார், வலது காலை உதறினார், செருப்பை ஓரமாக ஜோடி சேர்த்துவிட்டு உள்ளே காலை வைத்தார்.

“அய்ய!” என்று கத்தினாள் குப்பம்மா. “இதே மாரிதான்! இந்தப் பெர்சு பண்ணாருல்ல, இதே மாரி! ஓரமா, ஜோடியா!”

இருதயராஜ் நின்ற இடத்திலேயே நின்றார். சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. சாப்பிடுகிற பொருள் இருக்கிற இடத்தில் செருப்புக் காலோடு நுழையக் கூடாது. அவருடைய கடைச் சட்டம். மூட்டை தூக்குகிறவர்கள் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் பொது. பூந்தமல்லியில் வேறு எந்தக் கடையிலும் கிடையாது என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சட்டம்.

“ஆக, வந்தது நம்ம கடை ஆளு” என்றான் வேம்புலி, இட்லித் தட்டோடு உள்ளே வந்து. “ஜெகதீஷ்தான் மேடம். மேட்டர் ஓவர். பாவம் அழுதப்போ எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு, நல்லா நடிக்கிறான்.”

ஜெகதீஷ். ஆமாம். இருதயராஜுக்கு மூச்சு திரும்பியது. ஜெகதீஷும் செருப்பைக் கழற்றுகிறவன்தான். வேலைக்காரன். வேலைக்காரன் ஏமாற்றினால் கம்பெனி பணம் தரும். வருத்தம்தான், ஆனாலும் அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

ஞானசௌந்தரி டார்ச்சை அடித்தார். கோடவுன் துடைத்து வைத்தது போலக் காலி. மூலையில் கிழிந்த அட்டை, ஓர் அறுந்த கயிறு. டார்ச் வெளிச்சம் எதிர்ச்சுவரில் ஏறியது. வாசலுக்கு நேர் எதிரே, உயரத்தில், வெண்டிலேட்டர் விளிம்பில் நின்றது.

அங்கே ஒரு திராட்சை ஒயின் பாட்டில் இருந்தது. அதன் லேபிள் சுவரைப் பார்த்திருந்தது.

 வெளியே குப்பம்மா எண்ணெயில் எதையோ போட்டாள். அது சிடுசிடுவென்றது.

“அத்தினியும் தூக்கிகினு போனவன் இத மட்டும் ஏன் வுட்டான்?” என்று வேம்புலி ஆரம்பித்தான். பாதியிலேயே அவனுக்கே விடை கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டான்.

“ஐயா.” ஞானசௌந்தரியின் குரல் தாழ்ந்திருந்தது. “ஒரே ஒரு கேள்வி. உங்க கடையில முதல் பாட்டிலை யாரு எடுத்து வைப்பாங்க? கடையில இருக்கிற யார் வேணும்னாலும் வைக்கலாமா?”

இருதயராஜ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் சுலபமானது. யார் வேணும்னாலும். அதைச் சொல்லிவிட்டால் பண்ருட்டிக்காரர்களுக்குப் பணம் போய்ச் சேரும். பெயர்ப்பலகை இருக்கும். வீட்டில் மனைவி ஆக்னஸ் எப்போதும்போல எல்லாருக்கும் சமைத்து வைத்துக் காத்திருப்பாள். போகப்போவது ஒரு வேலைக்காரன் மட்டும். தாலி வாங்கக் கூட வந்தவங்கண்ணே நீங்க என்று அழுதவன்.

கடையில் திருஇருதயப் படத்துக்குக் கீழே இருக்கும் அந்தப் பலகை உயரமானது. ஜெர்வினுக்கு முதன்முதலாக அந்த உரிமையைக் கொடுத்த அன்று அவனுக்கு எட்டவில்லை. இருதயராஜ்தான் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். பையன் பாட்டிலை வைத்தான், பிறகு தானாகவே லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பினான், திரும்பி அப்பாவைப் பார்த்தான். சரியா அப்பா? சரிடா.

இங்கேயும் சரியாகத்தான் வைத்திருந்தான்.

“யார் வேணும்னாலும் வைக்க முடியாது” என்றார். “ஜெகதீஷ் அதைத் தொட்டதே இல்ல. என் சம்சாரம் கூடத் தொட்டதில்ல. எங்க வீட்டு ஆம்பளைங்க மட்டும். எங்க அப்பா. அவருக்கப்புறம் நான். எனக்கப்புறம்...”

ஞானசௌந்தரி எடுத்துக் கொடுக்கவில்லை.

“ஜெர்வின்” என்றார் இருதயராஜ்.

அவர் முதுகு அப்போதும் நேராகத்தான் இருந்தது. ஆனால் கை ஒன்று காற்றில் எதையோ தேடியது. வேம்புலி தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். 

“நேத்தே இடத்துக்காரர்கிட்ட சாவி வாங்கிட்டு வந்து பார்த்துட்டேன் ஐயா” என்றார் ஞானசௌந்தரி. “எனக்கு ஒண்ணும் புரியல. இன்னிக்கு உங்க கடையில இன்னொரு பாட்டில் சுவரைப் பார்த்து நின்னதும் கடைக்குள்ள இருக்கிற ஆளுன்னு புரிஞ்சுது. யாருன்னு மட்டும் தெரியல. அதை நீங்கதான் சொல்ல முடியும். யார் வேணும்னாலும்னு சொல்லியிருந்தா ஜெகதீஷ் பேரைத்தான் எழுதியிருப்பேன்.”

“சொல்லுவேன்னு நெனச்சீங்களா?”

“நிறைய அப்பாக்கள் சொல்லியிருப்பாங்க.”

“எங்க அப்பா சொல்லியிருக்க மாட்டார்.”

“இனிமே பணம் வராது. தெரியுமில்ல?”

“ஆட்டோவுலயே சொல்லிட்டீங்களேம்மா” என்றார் இருதயராஜ். “அந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுங்க.”

ஞானசௌந்தரி அதை இருந்த நிலையிலேயே படம் பிடித்துக்கொண்டார். வேம்புலி எம்பி எடுத்துக் கொடுத்தான். பெரியவர் வெளியே வருமுன் அவன் முந்திப் போய், அவருடைய செருப்பைக் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அந்தப் பாட்டிலை மடியில் வைத்திருந்தார், கைக்குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிறவரைப் போல. ஆக்னஸுக்கு யார் சொல்வது என்று ஒருமுறை கேட்டார். கேட்டது யாரை என்று தெரியவில்லை.

கடையில் எதுவும் மாறியிருக்கவில்லை. பக்தவத்சலம் இன்னொரு டீயில் இருந்தார். ஜெகதீஷ் மூட்டைமேல் முகத்தைக் கைகளில் புதைத்து உட்கார்ந்திருந்தான். ஜெர்வின் கல்லாவில் இருந்தான்.

இருதயராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பாட்டிலைக் கல்லா மேஜைமேல் வைத்தார், லேபிள் மகனைப் பார்க்கும்படி.

ஜெர்வினின் வலது கை தானாக எழுந்தது. பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, லேபிளை அந்தப்பக்கம் திருப்பப் போனது. பாதியில் நின்றது. அவன் கையை அவனே பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

“அதை மட்டும் ஏண்டா விட்டே?” என்றார் இருதயராஜ்.

ஜெர்வின் பாட்டிலிலிருந்து கையை எடுத்தான்.

“எடுக்க மனசு வரலப்பா. அது ஆண்டவருக்கு.”

“மத்ததெல்லாம் யாருக்கு?”

ஜெர்வின் உடைந்தான். அம்பத்தூரில் ஒரு நண்பனோடு சேர்ந்து ஆன்லைனில் ஆர்டர் எடுக்கும் பிரியாணிக் கிச்சன். கடனுக்கு வாங்கிய அடுப்பு, கடனுக்கு வாங்கிய ஃப்ரிட்ஜ். நண்பன் கழன்றுகொண்டான். வட்டிக்காரர்கள் அவன் மனைவி ரெனிதாவின் ஆபீஸ் வாசல்வரை போய்விட்டார்கள். அவளுக்கு அதுவரை எதுவுமே தெரியாது.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேட்டேனேப்பா. இருதயராஜ் மகன் சோறு விக்கறதான்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் உங்க முன்னாடி நின்னு எப்படிச் சொல்றது?”

அது இருதயராஜுக்குள் எங்கோ இறங்கித் தைத்தது. அவர் அதைப் பிடுங்க முயலவில்லை.

“சரி. அது எனக்கும் உனக்கும் நடுவுல. ஜெகதீஷ் உனக்கு என்ன பண்ணான்?”

“கடை ஆளுன்னு சந்தேகம் வந்தாலும், வேலை செய்யறவன் ஏமாத்தினா இன்சூரன்ஸ் வருமேப்பா.” ஜெர்வின் குரல் சிறுபிள்ளைக் குரலாகிவிட்டிருந்தது. “உங்க பணம் உங்களுக்குத் திரும்பி வந்துடும். என் கடனும் தீந்துடும். யாருக்கும் நஷ்டம் இல்லேன்னு நெனச்சேன்.”

“ஜெகதீஷுக்கு?”

 பக்தவத்சலம் டீ டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். வந்தபோது இருந்த கோபம் அவர் முகத்தில் இல்லை. தன் பெயர் சுத்தமானதைக் கொண்டாட அவருக்குத் தோன்றவில்லை.

இருதயராஜ் ஜெகதீஷின் முன்னால் போய் நின்றார். இதுவரை கடவுளைத் தவிர யாருக்கும் குவியாத கைகள் குவிந்தன. ஜெகதீஷ் பதறி எழுந்தான்.

“ஐயா, வேணாம் ஐயா!”

“இரு. நான் முடிச்சுடறேன். எல்லாரும் உன்னைப் பார்த்தப்போ நானும் உன்னைத்தான் பார்த்தேன். அதுக்காக.” பிறகு பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தார். “இதை மேல வை.”

“அது... அது உங்க வீட்டு ஆளுங்க மட்டும்...”

“வை.”

ஜெகதீஷ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினான்.  அங்கே ஏற்கெனவே நின்ற பாட்டிலுக்குப் பக்கத்தில் இதை வைத்தான். இறங்கப் போனவன் நினைவு வந்து, லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். ஜெர்வின் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஜையில் பாட்டில் நின்ற இடத்தில் ஒரு வட்டத் தூசி இருந்தது. அதை விரலால் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டிருந்தான்.

“நான் ரிப்போர்ட் எழுதணும் ஐயா” என்றார் ஞானசௌந்தரி. “எழுதினா கம்பெனி போலீசுக்குப் போகும்.”

“கம்பெனி போக வேணாம்.” இருதயராஜ் போனை எடுத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். “வணக்கம். நான் டிரங்க் ரோடு இருதயராஜ் பேசறேன். ஒரு மோசடிப் புகார் கொடுக்கணும். இல்ல, ஆள் யாருன்னு தெரியும். இங்கதான் இருக்கான். என் மகன்.”

வேம்புலி வாசலுக்குப் போய் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தப் பெயர்ப்பலகை ஈஸ்டருக்கு முன்னால் இறங்கியது. இப்போது அங்கே செல்போன் கடை. கடையும் வீடும் விற்ற பணம் பண்ருட்டிக்குப் போனது. இருதயராஜும் ஆக்னஸும் திருவேற்காட்டில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் பணத்துக்கு ஆசைப்பட்டுப் பெற்ற மகனையே போலீசில் பிடித்துக் கொடுத்தார் இருதயராஜ் என்று பூந்தமல்லியில் இன்றும் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. மகன் பெயரைச் சொன்னதால்தான் தரவில்லை.